பெப்பர் ஆடம்ஸைக் கேட்கப் பழகிய ஒரு குழு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றின் பொது நூலகத்தில் ஜாஸ் கேட்கும் குழு ஒன்று கூடுகிறது. ஒருவர் ஒரு கலைஞரையோ ஒரு காலகட்டத்தையோ எடுத்துக்கொண்டு பதிவுகளைத் தேர்ந்து ஒலிக்கவிடுவார். மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு பேசுவார்கள். யாரும் நிபுணர் கிடையாது. வழக்கமாக வருகிறவர்களில் கார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பள்ளியில் பேண்ட் கற்றுக்கொடுத்த ஆசிரியை ஒருவர், சாக்ஸபோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகனின் இசைத்தட்டுகளை இளவயதிலிருந்தே சேர்த்துவரும் பல் மருத்துவர் ஒருவர், உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், கர்நாடக வாய்ப்பாட்டு முறையாகப் பயின்ற தமிழ்ப் பெண்மணி ஒருவர் ஆகியோர் இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள். அந்தப் பெண்மணியை நான் அக்கா என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பாரிடோன் சாக்ஸபோன் கலைஞர் பெப்பர் ஆடம்ஸைப் பல மாலைகள் கேட்ட இந்த வரிசைக்கு வித்திட்டவன் மாணவன்தான். பள்ளிக் குழுவில் அவனிடம் பாரிடோன் சாக்ஸபோனைக் கொடுத்திருந்தார்கள். அவனாகக் கேட்டு வாங்கியதல்ல. உயரமாக இருந்தான், கருவி கனமானது, அவ்வளவுதான் காரணம். "இதை வாசித்து யாராவது பெரிய ஆள் ஆகியிருக்கிறார்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பாரிடோனுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கினோம். தேர்வுப் பொறுப்பு என்னிடம் வந்தது.

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் கையிலிருந்தது ஆல்டோ. பாரிடோன் அதே சுருதி அமைப்பில் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவி. பெரிய ஜாஸ் குழுவில் ஐந்து சாக்ஸபோன்கள் வரிசையாக அமர்ந்தால் கடைசி நாற்காலி அதற்குரியது. மற்ற நால்வருக்கும் அடித்தளம் போடுவது அதன் அன்றாட வேலை. முன்னால் எழுந்து நின்று தனியாக வாசிக்கும் வாய்ப்பு அரிது.

முதல் மாலையில் கண்டது

மூவரை எடுத்துக்கொண்டேன். 1927 முதல் 1974 வரை டியூக் எலிங்டன் குழுவிலேயே இருந்து இந்தக் கருவிக்கு முகம் கொடுத்த ஹாரி கார்னி. 1952இல் லாஸ் ஏஞ்சலிஸில் பியானோ இல்லாத நால்வர் குழுவை டிரம்பெட் கலைஞர் செட் பேக்கருடன் நடத்திப் புகழ்பெற்ற மல்லிகன். மூன்றாவதாக, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரான பெப்பர் ஆடம்ஸ்.

ஆடம்ஸ் பிறந்தது 1930 அக்டோபர் 8ஆம் தேதி, ஹைலண்ட் பார்க்கில். டெட்ராய்டின் நடுவே தனி நகராட்சியாக இருக்கும் சிற்றூர் அது. ஃபோர்டின் நகரும் உற்பத்தி வரிசை 1913இல் தொடங்கியது அங்கேதான். பொருளாதார மந்தத்தில் குடும்பம் நொடிந்து நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்குப் போனது. பதின்ம வயதில் திரும்பி வந்தபோது டெட்ராய்டில் ஒரு தலைமுறையே முளைத்துக்கொண்டிருந்தது: டாமி ஃபிளானகன், பாரி ஹாரிஸ், கென்னி பரல், டொனால்ட் பேர்ட், தாட் ஜோன்ஸ், எல்வின் ஜோன்ஸ். கறுப்பினக் கலைஞர்களின் அந்த வட்டத்தில் சமமாக நின்று வாசித்த ஒருசில வெள்ளையர்களில் ஆடம்ஸும் ஒருவர். டயர்மன் சாலையிலிருந்த புளூ பேர்ட் இன் என்ற விடுதிதான் அவர்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடம்.

கார்னிக்குக் கைதட்டல் கிடைத்தது. மல்லிகனுக்கு எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆடம்ஸுக்கு நான் போட்டது 1958 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பதிவான இசைத்தட்டிலிருந்து ஒரு பாடல். டொனால்ட் பேர்ட், பாபி டிம்மன்ஸ், டக் வாட்கின்ஸ், எல்வின் ஜோன்ஸ் என்று உடன் இருந்தவர்கள் அனைவரும் தேர்ந்த கைகள். அது ஓடி முடிந்தபோது அறையில் பேச்சில்லை. "உறுமுகிறார்" என்றார் பல் மருத்துவர். "ஸ்வரங்கள் அதிகம்" என்றார் ஆசிரியை. பாதியிலேயே தொடர்ச்சி விட்டுப்போனது என்றார் தொழிற்சாலைக்காரர். அக்கா மட்டும் வீட்டுக்குப் புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, கை வேகம் புரியுது. குரல் எனக்கு இன்னும் பிடிபடலை."

இது எங்கள் குழுவுக்கு மட்டும் உரிய அபிப்பிராயம் அல்ல. 1957இல் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழ் ஆடம்ஸைப் புதிய நட்சத்திரமாகத் தேர்ந்தது. ஆனால் அதே இதழின் வாசகர் வாக்கெடுப்பில் பாரிடோன் இடம் ஆண்டுக்கணக்கில் மல்லிகனிடமே இருந்தது. ஆடம்ஸ் எங்கே விடுபட்டுப்போகிறார் என்பதை எங்கள் அறையிலேயே கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றியது. ஒரு மாலைக்கான திட்டம் ஒரு வரிசையாக நீண்டது.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தது

முதலில் ஒலிபெருக்கியிலேயே தேடினோம். அறையில் பயன்படுத்தியது கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஸ்பீக்கர். பாரிடோனின் அடிமட்ட ஸ்வரம் ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸ். கூடுதல் சாவியுள்ள கருவியில் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்தச் சிறிய பெட்டி அத்தனை கீழே போகாது. ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வு காணாமல் போனாலும் மேலடுக்கு அதிர்வுகளை வைத்து நம் காது ஸ்வரம் எதுவென்று ஊகித்துவிடும். ஸ்வரம் தப்பாது, உடம்பு போய்விடும். மிஞ்சுவது ரீடின் (ஊதுவாயிலுள்ள நாணல் பட்டையின்) உரசலும் காற்றின் கரகரப்பும். கார்னியின் அகலமான ஒலியும் மல்லிகனின் மெல்லிய ஒலியும் இதைத் தாங்கிக்கொண்டன. ஆடம்ஸின் ஒலி முதலிலேயே வறண்டது, விளிம்பு கூரானது. 1956இல் ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது உடன் வாசித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கத்தி'. அந்தக் கத்தியின் கைப்பிடியை எங்கள் ஸ்பீக்கர் பிடுங்கிவிட்டு அலகை மட்டும் காட்டியது.

பதிவும் ஒத்துழைக்கவில்லை. அன்றிரவு விடுதியின் பியானோ சுருதி சேராமல் கிடந்தது தட்டிலேயே தெளிவாகக் கேட்கிறது. பழகிய காதுக்கு அது அந்த இடத்தின் வாசனை. முதல்முறை கேட்பவருக்கு, ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் எல்லார் மேலும் படிந்துவிடுகிறது.

மூன்றாவதை ஆசிரியைதான் சொன்னார். மல்லிகனுக்குப் பிறகு ஆடம்ஸைப் போட்டால் மல்லிகனின் அளவுகோலால்தான் எல்லோரும் அளப்பார்கள் என்றார். மல்லிகன் இடம்விட்டு வாசிப்பவர். அவர் நால்வர் குழுவின் அழகே அந்த வெற்றிடம். ஆடம்ஸ் வந்த வழி வேறு. ஆல்டோ கலைஞர் சார்லி பார்க்கரின் பீபாப் என்ற ஜாஸ் மொழியை, அதன் வேகமும் திருப்பங்களும் குறையாமல், கருவிகளிலேயே மந்தமானது என்று கருதப்பட்ட ஒன்றில் பேசிக்காட்டியவர் அவர். அவருக்கு முன்பே செர்ஜ் சாலஃப் என்ற பாரிடோன் கலைஞர் அதைச் செய்திருந்தார் என்றாலும் 1957இலேயே இறந்துவிட்டார். மல்லிகனையும் ஆடம்ஸையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் ஒருவர் குறைவாகவும் மற்றவர் கூடுதலாகவும் பேசுவதுபோல் தெரிவது இயல்பு.

எடுத்த முடிவுகள்

தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடியைத் தொழிற்சாலைக்காரர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஆடம்ஸை மற்றப் பாரிடோன் கலைஞர்களோடு சேர்த்து ஒலிக்கவிடுவதில்லை என்று முடிவு செய்தோம். டிரம்பெட், டெனர் சாக்ஸபோன் கலைஞர்களுக்குப் பக்கத்தில் வைத்தே கேட்பது, கருவியை மறந்து வாசிப்பின் போக்கைக் கவனிப்பது என்பது நோக்கம். வேகமான சோலோக்களை (தனி வாசிப்புகளை) மென்பொருளால் மெதுவாக்கி, சுருதி மாறாமல் ஒருமுறை கேட்டபின் அசல் வேகத்தில் மறுமுறை கேட்பது என்றும் வைத்துக்கொண்டோம்.

நான்காவது முடிவைப் பற்றி விவாதம் நடந்தது. ஆடம்ஸ் தலைமையேற்ற தட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் சிறிய நிறுவனங்களின் வெளியீடு. அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி மற்றவர்களின் தட்டுகளுக்குள் இருக்கிறது. தலைவராக வந்த தட்டுகளை மட்டும் கேட்டால்தான் ஒருவரை நேர்மையாக எடைபோட முடியும் என்றார் பல் மருத்துவர். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த அளவுகோலே ஆடம்ஸைக் கண்ணுக்கு மறைத்தது என்று நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். 1957 முதல் 1961 வரையான பதிவுகளை ஒரு நீளமான தாளில் தேதிவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

1959 பிப்ரவரி

அந்தத் தாள்தான் அறையின் போக்கை மாற்றியது. 1957 ஏப்ரலில் டெனர் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு 'டக்கார்'. செப்டம்பரில் 19 வயது டிரம்பெட் கலைஞர் லீ மார்கனோடு 'தி குக்கர்'. இரண்டாவதில் அதிவேகமாகப் பாயும் டிரம்பெட்டுக்குப் பிறகு பாரிடோன் நுழைகிறது. வேகம் ஒரு நூல்கூடத் தளரவில்லை. அங்கே பல் மருத்துவர் முதன்முறையாகத் தாளத்துக்குத் தலையசைத்ததைப் பார்த்தேன்.

பிறகு 1959 பிப்ரவரிக்கு வந்தோம். 4ஆம் தேதி, பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 'புளூஸ் அண்ட் ரூட்ஸ்' பதிவு. 28ஆம் தேதி, நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் பத்துப் பேர் குழுவோடு நடத்திய கச்சேரி. நவீன ஜாஸின் மிகக் கடினமான இரண்டு ஆசான்கள், 24 நாள் இடைவெளியில், ஒரே பாரிடோன்காரரை அழைத்திருக்கிறார்கள்.

மிங்கஸ் தட்டில் 'மோனின்' பாடல் பாரிடோன் மட்டும் தனியாக ஒலிக்கத் தொடங்கும். பாபி டிம்மன்ஸ் எழுதிய அதே பெயருள்ள பிரபலப் பாடல் வேறு. யாரும் துணையில்லாமல், பாஸ்கூட இல்லாமல், ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து ஆடம்ஸ் காலத்தை நிறுவுகிறார். பிறகு ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்கிறார்கள். டிராம்போன்கள், ஆல்டோக்கள், டெனர் என்று குரல் மேல் குரல் சேர்ந்து கூச்சலாகும் இடத்திலும் அடியில் அந்தத் தொடரின் பிடி தெரிகிறது. பாட்டு தொடங்கிய கணமே மாணவன் நிமிர்ந்தான். அமெரிக்கப் பள்ளி ஜாஸ் குழுக்கள் பரவலாக வாசிக்கும் பாடல் அது. அவன் கையிலிருந்த நோட்டுத்தாளில் அந்த முதல் வரி இருந்தது, அதை முதலில் வாசித்த மனிதரின் பெயர் இல்லை. "இது இவரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னான்.

மங்கின் கச்சேரியில் வேலை நேரெதிர். மங்க் முன்பு பியானோவில் வாசித்திருந்த ஒரு சோலோவை இசையமைப்பாளர் ஹால் ஓவர்டன் அப்படியே ஊதுகருவிகளுக்குப் பிரித்து எழுதியிருந்தார். பியானோ விரல்களுக்கென்று பிறந்த தாவல்களை ஊதுகருவிக்காரர்கள் ஏழு பேரும் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். டியூபாவும் பிரெஞ்சு ஹார்னும் இருக்கும் அந்தக் கூட்டத்தில் பாரிடோன் ஒருபோதும் பின்தங்கவில்லை. முதல் தட்டில் தனியாக நின்று சுமந்தவர், இரண்டாவதில் தன்னைக் கரைத்துக்கொண்டார். பக்கவாத்தியக்காரர் என்று சொல்லி இந்தப் பதிவுகளைத் தள்ளிவைத்திருந்தால் இந்த இரண்டு முகங்களும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மெதுவாக்கிக் கேட்டது

இது அக்காவின் மாலை. மெதுவாக்கிய சோலோவைக் கேட்டுக்கொண்டே அதை ஸ்வரமாகச் சொல்லிப்பார்த்தார். இரண்டு, மூன்று ஆவர்த்தனம் நீளும் ஒரு வாக்கியத்தை ஆடம்ஸ் எங்கே மூச்செடுத்து எங்கே முடிக்கிறார் என்று கையால் போட்டுக்காட்டினார். ஸ்வரங்கள் அதிகம் என்ற புகார் அங்கே கரைந்தது. வேகத்தில் ஒரே இரைச்சலாகத் தெரிந்தவை தெளிவான வாக்கியங்களாகப் பிரிந்தன. இடையிடையே அவர் பிற பாடல்களின் துணுக்குகளைச் செருகுவதும் காதில் விழுந்தது. பழைய திரைப்பாட்டு, நடனப்பாட்டு என்று அடையாளம் கண்டு ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். நகைச்சுவை உள்ள கலைஞர் என்பது அசல் வேகத்தில் எங்களில் யாருக்கும் எட்டியிருக்கவில்லை.

ஒரு எல்லையையும் குறிக்க வேண்டும். மெதுவாக்கும்போது ஒலியின் நிறம் கெடுகிறது. உரசல் நீண்டு விகாரமாகிறது. அதனால் ஒரு சோலோவை ஒருமுறைக்கு மேல் மெதுவாக்கவில்லை.

அதே மாலை முடிவில் மாணவன் தன் கருவியைத் திறந்தான். ஆசிரியையின் சொற்படி மிகக் கீழான ஸ்வரத்தை நீளமாக ஊதினான். நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. தொழிற்சாலைக்காரர் மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பெரிய ஸ்பீக்கர்களாலும் தர முடியாத ஒன்று அது. பிறகு அதே கருவியில் 'மோனின்' முதல் வரியை அவன் தடுமாறித் தடுமாறி வாசித்தபோது, அதைச் சீராக நிறுத்துவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசி நாற்காலியும் பிறகும்

1966 பிப்ரவரியிலிருந்து திங்கட்கிழமை இரவுகளில் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் வாசித்த தாட் ஜோன்ஸ் – மெல் லூயிஸ் பெருங்குழுவில் ஆடம்ஸ் 1977 வரை இருந்தார். மெச்சத்தக்க குழு. ஆனால் பதினெட்டுப் பேர் பசியோடு காத்திருக்கும் இடத்தில் சோலோ பங்கிட்டுத்தான் கிடைக்கும். இந்தக் காலத்தை விரைவாகக் கடந்தோம்.

நிறுத்தி நிதானித்தது 1968 டிசம்பரில் பதிவான 'என்கவுண்டர்' தட்டில். டெனரில் ஜூட் சிம்ஸ், பியானோவில் ஃபிளானகன், பாஸில் ரான் கார்ட்டர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் ஆல்டோ கலைஞர் ஜானி ஹாட்ஜஸை மனதில் வைத்து எழுதிய ஒரு மெதுவான காதல் பாடல் அதில் இருக்கிறது. ஹாட்ஜஸ் வாசித்தால் தேன் ஒழுகும். ஆடம்ஸ் இனிப்பைச் சேர்க்கவில்லை. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்கிறார், குரலில் ஒரு கரடு இருக்கிறது, அதனாலேயே நம்பும்படி இருக்கிறது. என் கணிப்பில் அவருடைய மேன்மைக்கு வேகத்தைவிட இந்தப் பாடலே வலுவான சான்று. அக்கா முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, "இப்ப குரல் கிடைச்சுது" என்றார்.

இசையமைப்பாளர் ஆடம்ஸை அறிமுகப்படுத்தியது தொழிற்சாலைக்காரர். நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்களை ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று 'டுவெல்த் அண்ட் பிங்க்ரீ', டெட்ராய்டின் ஒரு தெருமுனையின் பெயர். பெயரைப் பார்த்ததும் தொழிற்சாலைக்காரர் பேசத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர். 1967 ஜூலையில் கலவரம் வெடித்தது அதே 12ஆம் தெருவில்தான், சில திருப்பங்கள் தள்ளி. இன்று அந்தத் தெரு கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் பெயரில் இருக்கிறது. கடைகள் எங்கெங்கே இருந்தன, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் எந்தப் படியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் வரிசையாகச் சொன்னார். நியூயார்க்கில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்தும் ஒரு கலைஞர் தன் பாட்டுக்கு அந்த முனையின் பெயரை வைத்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம். முதல் மாலையில் தொடர்ச்சி விட்டுப்போனது என்று சொன்னவர் அவர்தான்.

பெருங்குழுவை விட்டபின் ஆடம்ஸ் தனிக் கலைஞராகவே இயங்கினார். 1978இன் 'ரிஃப்ளெக்டரி', 1983இன் 'லைவ் அட் ஃபேட் டியூஸ்டேஸ்' ஆகியவை அந்த ஆண்டுகளின் விளைச்சல். கிராமிப் பரிந்துரைகள் வந்தன, விருது வரவில்லை. 1983 இறுதியில் கார் விபத்தில் கால் நசுங்கி மாதக்கணக்கில் முடங்கினார். பிறகு நுரையீரல் புற்றுநோய். 1986 செப்டம்பர் 10 அன்று புரூக்ளினில் இறந்தபோது அவருக்கு 55 வயது. மூத்த கலைஞர்களுக்குப் பிற்காலத்தில் தேடிவரும் கௌரவங்களைப் பெறும் வயதுக்கு அவர் வரவே இல்லை.

விளைவு

எல்லோரும் மனம் மாறினார்கள் என்று எழுத முடியாது. பல் மருத்துவருக்கு இன்றும் மல்லிகன்தான். ஆனால் உறுமல் என்ற சொல்லை அவர் மறுபடி பயன்படுத்தவில்லை. 'தி குக்கர்' தட்டைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். நடு வாரங்களில் வருகை குறைந்தது. 1950களின் வேகமான பதிவுகளை அடுத்தடுத்து வைத்தது சிலரைக் களைப்பாக்கியது, இருவர் திரும்பவே இல்லை. ஆசிரியை தம் பழைய மாணவர்களுக்கு ஆடம்ஸ் பதிவுகளின் பட்டியல் ஒன்றை அனுப்பினார். மாணவனுக்கு அடுத்த ஆண்டு டெனருக்கு மாறும் வாய்ப்பு வந்தது. பாரிடோனிலேயே இருந்துகொள்கிறேன் என்றான். ஆடம்ஸின் சோலோ ஒன்றைக் காதால் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான், பாதி வந்திருக்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

கருவியை நேரில் ஊதிக்காட்டுவது முதல் மாலையிலேயே, எந்தப் பதிவுக்கும் முன்னால் நடக்கும். அதைக் கேட்டவர்கள் ஸ்பீக்கர் விழுங்கும் பகுதியைத் தாங்களே மனதில் நிரப்பிக்கொள்கிறார்கள். முதல் பதிவாக ஃபைவ் ஸ்பாட் தட்டை வைக்க மாட்டோம். 'என்கவுண்டர்' தட்டின் மெதுவான பாடலில் தொடங்கி, 'மோனின்' வழியாக வேகத்துக்குப் போவோம். ஒரு மாலைக்கு இரண்டு வேகமான பதிவுகளுக்கு மேல் வேண்டாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார், ஏற்றுக்கொண்டோம். வீட்டில் கேட்பவர்களுக்கு ஹெட்ஃபோன் இரவல் தர நூலகம் சம்மதித்திருக்கிறது. தேதிவாரித் தாள் தொடரும்.

அடுத்த வரிசைக்குச் சீசில் பெய்னை எடுத்திருக்கிறோம். 'டக்கார்' பதிவில் ஆடம்ஸோடு சேர்ந்து வாசித்த இன்னொரு பாரிடோன் அவருடையது. இந்த வரிசையில் அந்தத் தட்டைக் கேட்டபோது இருவரில் யார் எவர் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. இப்போது ஆடம்ஸை அடையாளம் தெரிகிறது என்பதால், மீதிக் குரலிலிருந்து தொடங்கலாம் என்று மாணவன் சொன்னான்.